முன்பணம் கேட்காத வீடு



வரலாற்றுக் கட்டுரை என்றதும் போர்க்களம், பட்டாபிஷேகம் என்று பயந்துவிடாதீர்கள். பி.காம். படித்துவிட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். எனக்குத் தெரிந்த வரலாறு கடன் விண்ணப்பங்களில் இருக்கிறது. யாருக்குக் கடன் கிடைத்தது, எத்தனை வருடத் தவணை, என்ன வட்டி, யாருடைய விண்ணப்பம் திரும்பி வந்தது. இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் ஒரு நாட்டின் கதையில் பாதியைச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா மாறிய கதையை அந்த வழியில்தான் இங்கே சொல்லப்போகிறேன். தனி வீடு, முன்னால் புல்வெளி, வாசலில் கார், கூடத்தில் டெலிவிஷன். இந்தப் படம் நமக்கெல்லாம் சினிமாவில் பார்த்துப் பழக்கம். அங்கே இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் புகைப்படங்களிலும் பார்த்திருக்கிறோம். அமெரிக்கர்கள் ஆதியிலிருந்தே இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. இந்த வாழ்க்கை பெரும்பாலான குடும்பங்களுக்குக் கைக்கு எட்டியது 1945-க்குப் பிறகு வந்த பதினைந்து வருடங்களில்தான். எட்ட வைத்தது ஒரு வீட்டுக் கடன் திட்டம். அந்தத் திட்டத்தின் விதிமுறைகளில் இருந்த ஒரு நிபந்தனை, சிலரை வாசலிலேயே நிறுத்தியும் வைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

டிராம் வண்டியில் குடித்தனம்

போரில் பணியாற்றிய அமெரிக்கர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். 1945 ஆகஸ்டில் சண்டை ஓய்ந்ததும் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினார்கள். திரும்பியவர்களுக்குக் கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, குடியிருக்க இடம்தான் இல்லை. 1930-களில் பொருளாதாரப் பெருமந்தம், அதன் பின் போர் என்று ஏறக்குறைய பதினைந்து வருடம் அந்த நாட்டில் வீடு கட்டும் தொழில் படுத்துக்கிடந்தது. புது ஜோடிகள் மாமனார் வீட்டிலும் அண்ணன் வீட்டிலும் ஒண்டுக்குடித்தனம் இருந்தார்கள். ராணுவத்தின் அரைவட்டத் தகரக் கொட்டகைகளில் கைக்குழந்தையோடு தங்கினார்கள். சிகாகோ நகரில் ஓடி ஓய்ந்த 250 டிராம் வண்டிகளை வீடாக மாற்றிக்கொள்ளலாம் என்று விற்றார்கள். அதற்கும் ஆள் இருந்தது.

அரசுக்குப் பழைய அனுபவம் ஒன்று இருந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்ட வீரர்கள், தங்களுக்கு வாக்களித்த போனஸை உடனே கொடுங்கள் என்று கேட்டு 1932-ல் தலைநகர் வாஷிங்டனில் கூடாரம் போட்டார்கள். அவர்களை ராணுவத்தை வைத்தே விரட்டினார்கள். அந்த அவமானம் திரும்ப வரக் கூடாது என்ற எண்ணம் எல்லாக் கட்சியிலும் இருந்தது. அதனால் போர் முடிவதற்கு முன்பே, 1944 ஜூன் 22 அன்று, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் முன்னாள் படைவீரர்களுக்கான மறுவாழ்வுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜி.ஐ. சட்டம் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

அந்தச் சட்டம் மூன்று முக்கியமான உதவிகளைத் தந்தது. வேலை கிடைக்கும் வரை கொஞ்ச காலம் உதவித்தொகை. படிக்க விரும்பினால் கல்லூரிக் கட்டணமும் மாதச் செலவுக்குப் பணமும். வீடு வாங்கினால் கடனுக்கு அரசாங்க உத்தரவாதம். படிப்பு உதவியை எடுத்துக்கொண்டவர்கள் சுமார் 78 லட்சம் பேர், அதில் 22 லட்சம் பேர் கல்லூரிக்கே போனார்கள். 1947-ல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். தகப்பனார் சுரங்கத்தில் வேலை செய்தவர், பிள்ளை இன்ஜினீயர் என்ற கதை வீட்டுக்கு வீடு நடந்தது. இதைப் பற்றி மட்டும் தனிக் கட்டுரை எழுதலாம். நான் மூன்றாவது உதவிக்குப் போகிறேன், அதுதான் என் தொழில்.

ஐந்து வருடக் கடனும் முப்பது வருடக் கடனும்

நம்மில் பலர் மாதத் தவணை கட்டி முடித்தவர்கள், சிலர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக் கடன் என்றால் இருபது வருடம், முப்பது வருடம், மாதாமாதம் ஒரே தொகை என்பது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. 1930-க்கு முன்னால் அமெரிக்காவில் அப்படி ஒரு கடன் வாங்குவது சுலபமில்லை. வீட்டு விலையில் பாதியை முன்பணமாக வைக்க வேண்டும். மீதிக்குக் கடன் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் ஐந்து வருடம் மாதிரிக் குறுகிய காலத்துக்கு. அதுவரை வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் போதும், கடைசியில் அசலை மொத்தமாகக் கேட்பார்கள். அவ்வளவு பணம் யாரிடம் இருக்கும்? கடனைப் புதுப்பித்துக்கொள்வது வழக்கம். பெருமந்தத்தில் வங்கிகளே ஆடிப்போனபோது புதுப்பிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 1933-ன் தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் வீடுகளுக்கு மேல் கைவிட்டுப் போயின.

இதைச் சரிசெய்யத்தான் 1934-ல் கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். எஃப்.எச்.ஏ. என்று அழைப்பார்கள். இந்த அமைப்பு தானாகக் கடன் கொடுக்காது. வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு கொடுக்கும். கடன்காரர் கட்டாமல் போனால் வங்கிக்கு நஷ்டம் இல்லை. ஆனால் காப்பீடு வேண்டுமானால் அசலும் வட்டியும் சேர்ந்த சமமான மாதத் தவணையாக, நீண்ட காலத்துக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. முன்பணம் விலையில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. தவணைக் காலம் இருபது, இருபத்தைந்து என்று வளர்ந்து முப்பது வருடத்தில் வந்து நின்றது. போருக்குப் பிறகு முன்னாள் வீரர்களுக்கான உத்தரவாதமும் சேர்ந்துகொண்டபோது வட்டி 4 சதவீதம், முன்பணம் பூஜ்யம்! கட்டும் வட்டிக்கு வருமான வரியில் கழிவும் உண்டு. மேலாளர் மேஜையில் இப்படி ஒரு திட்டம் வந்தால் வாசலில் கூட்டம் எப்படி நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

எண்களைப் பாருங்கள். 1940-ல் சொந்த வீட்டில் இருந்த அமெரிக்கக் குடும்பங்கள் 100-க்கு 44-க்கும் சற்றுக் குறைவு. 1950-ல் 55. 1960-ல் ஏறக்குறைய 62. வாடகைக் குடித்தனக்காரர்கள் அதிகமாக இருந்த நாடு, இருபது வருடத்தில் சொந்த வீட்டுக்காரர்கள் அதிகமாக இருக்கும் நாடாக மாறியது.

உருளைக்கிழங்கு வயலில் ஒரு ஊர்

கடன் தயார், வாங்க ஆள் தயார். அவ்வளவு வீட்டையும் யார் கட்டுவது? அங்கேதான் வில்லியம் லெவிட் வருகிறார். தகப்பனார் ஏப்ரகாம், தம்பி ஆல்ஃபிரட், இவர் மூவரும் சேர்ந்து நடத்திய கட்டுமான நிறுவனம் அது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களை வாங்கிப் போட்டு 1947-ல் வேலையைத் தொடங்கினார்கள். அந்த வருடம் அக்டோபரில் முதல் குடும்பங்கள் குடிவந்தன. 1951-க்குள் 17,447 வீடுகள் எழுந்தன. ஊருக்குப் பெயர் லெவிட்டவுன்.

கார் தொழிற்சாலையில் ஆள் நின்ற இடத்தில் நிற்பார், கார் நகர்ந்து வரும். லெவிட் அதைத் திருப்பிப் போட்டார். வீடு நின்ற இடத்தில் நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். வீடு கட்டும் வேலையை இருபத்தாறு, இருபத்தேழு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டார். ஒரு குழு தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும், பின்னாலேயே சட்டம் அடிக்கும் குழு வரும். வெள்ளைப் பெயின்ட் அடிப்பவர் வெள்ளையை மட்டுமே அடிப்பார். மரம், ஆணி எல்லாம் சொந்த ஏற்பாடு. நிலவறை கிடையாது, காங்கிரீட் பலகைமேல் நேரடியாக வீடு. வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு 30 வீடுகள் முடிந்தன.

முதலில் கட்டிய வீடு சுமார் 750 சதுர அடி. நம் குடியிருப்பின் சிறிய ஃபிளாட்டை விடவும் சின்னது. ஆனால் 60-க்கு 100 அடி மனை, பின்னால் வேண்டும்போது அறை சேர்த்துக்கொள்ள இடம், சமையலறையில் அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும், கூடவே துணி துவைக்கும் இயந்திரம். முதலில் வாடகைக்கு விட்டார்கள். 1949-ல் புதிய மாதிரி வீட்டை 7,990 டாலருக்கு விற்பனைக்கு விட்டபோது, முன்னாள் வீரர்களுக்கு முன்பணம் இல்லை, மாதம் சுமார் 58 டாலர் கட்டினால் போதும். அந்த வருடம் மார்ச்சில் ஒரே நாளில் 1,400-க்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. சிலர் நான்கு நாட்களாக வரிசையில் காத்திருந்தார்கள். அன்றைய குடும்ப வருமானத்தின் நடுமட்டம் வருடத்துக்குச் சுமார் 3,100 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய இரண்டரை வருட வருமானத்தில் ஒரு வீடு. இன்றைக்கு நம் ஊரில் இந்த விகிதத்தைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

புல்வெளியும் துணிக்கொடியும்

வீடு கிடைத்ததும் வாழ்க்கை மாறத் தொடங்கியது. முதலில் விதிமுறைகள். புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் நிறுவனமே ஆள் அனுப்பி வெட்டிவிட்டுப் பில் அனுப்பும். வேலி போடக் கூடாது. துணி காயப்போட நீளக் கொடி கட்டக் கூடாது, குடை மாதிரி சுழலும் கொடியில்தான் போட வேண்டும், அதுவும் சனி ஞாயிறில் கூடாது. நம் பொதுக்குழுவில் பால்கனித் துணி பற்றி வருடா வருடம் நடக்கும் விவாதம் உங்களுக்கு நினைவு வந்தால் நான் பொறுப்பில்லை.

ஊர் முழுக்க இளம் தம்பதிகள், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வருமானம். தாத்தா பாட்டி நகரத்திலேயே தங்கிவிட்டார்கள். கூட்டுக் குடும்பமாக, உறவுக்காரர்கள் சூழ வாழ்ந்த இத்தாலியர், யூதர், ஐரிஷ்காரர் பிள்ளைகள் இங்கே வெறும் அண்டை வீட்டுக்காரர்கள் ஆனார்கள். குழந்தை வளர்ப்பில் சந்தேகம் வந்தால் அம்மாவைக் கேட்க முடியாது, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்க வேண்டும். குழந்தைகளுக்குக் குறைவே இல்லை. 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் 7 கோடியே 60 லட்சம் குழந்தைகள் பிறந்தன.

பெண்கள் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் விமானம் கட்டிய பெண்களை, ஆண்கள் திரும்பியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1950-களில் பெண்ணின் சராசரித் திருமண வயது இருபதுக்கு இறங்கியது. கணவர் காலையில் நகரத்துக்குப் போனால் மாலையில்தான் வருவார். கடைக்குப் போக கார் வேண்டும், காரை அவர் எடுத்துப்போயிருப்பார். படித்த பெண்கள் அந்தப் புல்வெளிக்குள் அடைந்துகிடந்த புழுக்கத்தைத்தான் பெட்டி ஃப்ரீடன் 1963-ல் புத்தகமாக எழுதினார், அது நாட்டையே உலுக்கியது. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1940-ல் திருமணமான பெண்களில் ஏழில் ஒருவர்தான் வேலைக்குப் போனார். 1960-ல் பத்தில் மூன்று பேர். தவணையும் இரண்டாவது காரும் ஒரு சம்பளத்தில் அடங்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கடன் தகுதியைக் கணக்கிடும்போது மனைவியின் சம்பளத்தைப் பல வங்கிகள் பாதியாகக் கணக்கிட்டன, அல்லது கணக்கிலேயே எடுக்கவில்லை. குழந்தை பிறந்தால் நின்றுவிடுவாள் என்று காரணம் சொன்னார்கள். இதைத் தடுக்கும் சட்டம் 1974-ல்தான் வந்தது.

டெலிவிஷன் இன்னும் வேகமாக வந்தது. 1950-ல் நூறு வீட்டில் ஒன்பது வீட்டில்தான் பெட்டி இருந்தது. 1960-ல் எண்பத்தேழு வீட்டில். 1950-ல் லெவிட் கட்டிய வீடுகளில் சுவரிலேயே பதித்துக் கொடுத்தார். 1953 ஜனவரியில் ஒரு நகைச்சுவைத் தொடரில் கதாநாயகி லூசிக்குக் குழந்தை பிறந்த காட்சியை 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மாலை நேரத்தில் திண்ணையிலும் தெருமுனையிலும் இருந்தவர்கள் கூடத்துக்குள் போனார்கள்.

1956-ல் ஜனாதிபதி ஐசனோவர் 41,000 மைல் நெடுஞ்சாலைக்குச் சட்டம் கொண்டுவந்தார், செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. அதே ஆண்டு மினசோட்டாவில் முழுக்க மூடிய, குளிரூட்டிய முதல் வணிக வளாகம் திறந்தது. நகரத்துக் கடைத்தெருக்கள் காற்று வாங்கத் தொடங்கின. 1958-ல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கேட்காமலேயே 60,000 பேருக்குத் தபாலில் கடன் அட்டை அனுப்பியது. பிற்கால விசா அட்டையின் பாட்டனார் அதுதான். நூற்றுக்கு நான்கு பேர் பணம் கட்டாமல் இழுத்தடிப்பார்கள் என்று வங்கி எதிர்பார்த்தது, இருபத்திரண்டு பேர் இழுத்தடித்தார்கள். வசூல் பிரிவில் வேலை பார்த்தவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் மௌனம் காக்கலாம்.

சிவப்பு மை

இனி அந்த நிபந்தனை.

எஃப்.எச்.ஏ. தன் மதிப்பீட்டாளர்களுக்கு ஒரு விதிமுறைக் கையேடு வைத்திருந்தது. ஒரு வட்டாரத்தில் வீட்டு மதிப்பு நிலையாக இருக்க வேண்டுமானால், அங்கே ஒரே இனத்தவர், ஒரே சமூக நிலையினர் குடியிருக்க வேண்டும் என்று 1930-களின் பதிப்புகளில் எழுதியிருந்தது. வேறு இனத்தவருக்கு விற்கக் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை சேர்ப்பதை அது பரிந்துரையும் செய்தது. நகரங்களுக்கு நிறம் தீட்டிய வரைபடங்களும் இருந்தன. பச்சை நல்ல பகுதி, நீலம் பரவாயில்லை, மஞ்சள் இறங்குமுகம், சிவப்பு என்றால் ஆபத்து. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்புதான். வீடு எப்படி இருக்கிறது, மனிதர் ஒழுங்காகத் தவணை கட்டுவாரா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

முன்னாள் வீரர்களுக்கான சட்டத்தில் கறுப்பு வெள்ளை என்ற பேச்சே இல்லை. காகிதத்தில் எல்லோரும் சமம். ஆனால் அரசு உத்தரவாதம் மட்டுமே கொடுக்கும், கடன் கொடுப்பது உள்ளூர் வங்கி. மிசிசிப்பி மாநிலத்தின் நகரங்களில் 1947-ல் எடுத்த கணக்கு ஒன்று உண்டு. முன்னாள் வீரர்களுக்கு வழங்கிய 3,229 வீட்டு, தொழில், விவசாயக் கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு. இரண்டு சதவீதம் இல்லை, இரண்டே இரண்டு கடன்.

லெவிட்டவுனின் தொடக்ககால ஒப்பந்தத்தில், காக்கேசிய இனத்தவர் தவிர வேறு எவரும் குடியிருக்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. 1948-ல் உச்ச நீதிமன்றம், இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. வாசகம் பத்திரத்திலிருந்து போனது, பழக்கம் போகவில்லை. லெவிட் ஒரு யூதர், இனப் பாகுபாடு என்றால் என்ன என்று அறியாத குடும்பம் அல்ல. அவர் சொன்ன காரணம் வியாபாரக் காரணம். ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு விற்றால் வெள்ளையர்கள் வாங்க வர மாட்டார்கள், வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்கலாம் அல்லது இனப் பிரச்சினையைத் தீர்க்கப் பார்க்கலாம், இரண்டும் சேர்ந்து முடியாது என்பது அவர் நிலை.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். 1923-ல் பகத் சிங் தின்ட் என்ற பஞ்சாபியர், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். இனநூல்கள்படி தானும் காக்கேசியர்தான் என்று வாதிட்டார். சாதாரண மனிதர் சொல்லும் பொருளில் நீ வெள்ளையன் அல்ல என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. இந்தியர்கள் குடியுரிமை பெறும் வழி 1946-ல்தான் திறந்தது, புதிதாக வருவோருக்கு வருடத்துக்கு 100 இடம். ஆக அந்த ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் நிறுத்தப்பட்டவர்களில் நாமும் உண்டு.

கடன் கிடைக்காத கறுப்பினக் குடும்பங்கள் என்ன செய்தார்கள்? சிகாகோவின் லான்டேல் போன்ற பகுதிகளில் ஒப்பந்தத் தவணையில் வாங்கினார்கள். தரகர் வெள்ளையரிடம் குறைந்த விலைக்கு வாங்கி, இவர்களிடம் பல மடங்கு லாபம் வைத்து விற்பார். கடைசித் தவணை கட்டும் வரை கிரயப் பத்திரம் தரகர் பெயரில்தான். நடுவில் ஒரு தவணை தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். ரிப்பேர் செலவு மட்டும் குடியிருப்பவருடையது. வாடகைக்காரரின் உரிமையும் இல்லை, சொந்தக்காரரின் உரிமையும் இல்லை. 1968-ல் அந்த மக்கள் சங்கம் அமைத்துத் தவணையை நிறுத்திப் போராட வேண்டி வந்தது. புதிய நெடுஞ்சாலைகளும் டெட்ராய்ட், செயின்ட் பால், மயாமி நகரங்களில் கறுப்பினத்தவர் தெருக்களின் மேலேயே போயின.

டீப்கிரீன் லேன், 43-ஆம் எண் வீடு

லெவிட் பென்சில்வேனியாவிலும் ஒரு லெவிட்டவுன் கட்டினார், பதினேழாயிரத்துக்கு மேல் வீடுகள். நிறுவனம் கறுப்பினத்தவருக்கு விற்காது. ஆனால் வாங்கியவர் தன் வீட்டை யாருக்கும் விற்கலாமே? 1957 ஆகஸ்டில் ஒருவர் விற்றார். வாங்கியவர் வில்லியம் மையர்ஸ், முன்னாள் ராணுவ வீரர். மனைவி டெய்சி, மூன்று சின்னக் குழந்தைகள்.

குடிவந்த அன்று மாலையே கூட்டம் கூடியது. இரவுக்கு இரவு நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். கல் எறிந்து முன்பக்க ஜன்னல்களை உடைத்தார்கள். கல்லடி பட்டு ஒரு போலீஸ்காரர் மயங்கி விழுந்தார், மாநிலப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. கூட்டம் கலைந்த பின்னும் தொல்லை நிற்கவில்லை. அருகிலிருந்த ஒரு காலி வீட்டைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவு வரை சத்தமாகப் பாட்டு வைத்தார்கள். பக்கத்து வீட்டு வெக்ஸ்லர் குடும்பத்தினர் வெள்ளையர்கள், மையர்ஸ் குடும்பத்துக்குத் துணையாக நின்றவர்கள். அவர்கள் புல்வெளியில் சிலுவையைக் கொளுத்தினார்கள், சுவரில் எழுதினார்கள். கடைசியில் மாநில அரசு நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கியது.

ஒன்றைக் கவனியுங்கள். கல் எறிந்தவர்களில் பலர் முன்னாள் வீரர்கள், சில வருடம் முன்புவரை ஒண்டுக்குடித்தனத்தில் கஷ்டப்பட்டவர்கள். வாழ்க்கையின் ஒரே சேமிப்பு அந்த வீடு. பக்கத்தில் கறுப்பினத்தவர் வந்தால் மதிப்பு விழும் என்று வங்கி சொன்னது, அரசாங்கக் கையேடு சொன்னது. அவர்கள் செய்ததை இது நியாயப்படுத்தாது. ஆனால் அந்த பயத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தது ஓர் அரசு அலுவலகம் என்பதை மறக்கக் கூடாது. இன்னொரு பக்கம், அதே தெருவில் சமையல் செய்து கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள் இருந்தார்கள், குவேக்கர் சபையினர் இரவு வந்து துணைக்கு உட்கார்ந்தார்கள்.

மையர்ஸ் குடும்பம் ஓடிவிடவில்லை. 1961 வரை அங்கேயே வாழ்ந்து, வேலை மாற்றத்தில்தான் ஊரை விட்டது. 1999-ல் அந்த ஊர் மேயர் டெய்சி மையர்ஸை அழைத்துப் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். வில்லியம் அப்போது உயிரோடு இல்லை.

சட்டம் வந்தது, வட்டி நிற்கவில்லை

நியூஜெர்சியில் கட்டிய மூன்றாவது லெவிட்டவுனில், மாநிலச் சட்டத்தை எதிர்த்து லெவிட் வழக்காடி 1960-ல் தோற்றார். கறுப்பினக் குடும்பங்கள் குடிவந்தன, ஊர் இடிந்துவிழவில்லை. ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் அங்கேயே வீடு வாங்கி இரண்டு வருடம் குடியிருந்து எழுதிய ஆய்வு 1967-ல் வந்தது. ஒரே மாதிரி வீட்டில் இருப்பதால் மனிதர்கள் ஒரே மாதிரி ஆகிவிடுவதில்லை என்று அதில் காட்டினார். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. குடியேற்றச் சட்டம் 1965-ல் திருந்தியிருந்தது. இரண்டு சட்டங்களும் இருந்ததால்தான் பின்னால் போன நம் ஊர்ப் பிள்ளைகள் நியூஜெர்சியில் விரும்பிய தெருவில் வீடு வாங்க முடிந்தது.

ஆனால் வங்கிக்காரனுக்குத் தெரியும், தவறவிட்ட முதலீட்டைப் பின்னால் சட்டம் போட்டு ஈடுகட்டுவது கடினம். 7,990 டாலர் வீடு பிள்ளை காலத்தில் பல மடங்கானது. அதை வைத்துப் பேரனைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், தொழில் தொடங்கினார்கள், வயதான காலத்தில் விற்று நிம்மதியாக இருந்தார்கள். 1949-ல் வரிசையில் நிற்கவே அனுமதிக்கப்படாதவர் வாடகை கட்டினார், அந்த ரசீதுகளை யாரும் அடமானம் எடுத்துக்கொள்வதில்லை. ஃபெடரல் ரிசர்வ் 2022-ல் எடுத்த கணக்கின்படி, வெள்ளையர் குடும்பத்தின் நடுமட்டச் சொத்து 2 லட்சத்து 85 ஆயிரம் டாலர். கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 45 ஆயிரம். ஆறு மடங்குக்கு மேல். இதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அந்தக் கையேட்டின் கூட்டு வட்டி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

நம் சங்கத்தின் துணைவிதிகளைத் திருத்தும் பேச்சு அவ்வப்போது வருகிறது. குப்பை, வண்டி நிறுத்தம், துணிக்கொடி பற்றி எவ்வளவு கண்டிப்பான விதி வேண்டுமானாலும் போடுவோம், நானும் கை தூக்குகிறேன். ஆனால் யாருக்கு வீடு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று எந்தக் கூட்டத்திலாவது பேச்சு எழுந்து, "வீட்டு மதிப்பு குறைந்துவிடும்" என்று யாராவது காரணம் சொன்னால், அந்தக் கணக்கை யார் போட்டது என்று ஒரு முறை எழுந்து கேளுங்கள். டீப்கிரீன் லேனில் 43-ஆம் எண் வீட்டுக்காரர் தன் தவணையை மற்றவர்களைப் போலவே ஒழுங்காகக் கட்டினார்.